நாணயம் என்றொரு ஊழியம்

"இது கொடிய காலம்" என்ற வார்த்தையை எங்கள் கிறிஸ்தவ வட்டாரத்தில் அடிக்கடி கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் கேட்கலாம், உபவாச ஜெபத்தில் கேட்கலாம், கல்யாண வீட்டுப் பந்தியில்கூடக் கேட்கலாம். விலைவாசி ஏறினாலும் கொடிய காலம். மழை பொய்த்தாலும் கொடிய காலம். வடக்கே எங்கோ ஓர் ஆலயத்தைத் தாக்கினார்கள் என்று செய்தி வந்தாலும் கொடிய காலம். எல்லாம் உண்மைதான், நான் மறுக்கவில்லை.

ஆனால் அடுத்த கேள்வி ஒன்று இருக்கிறதே! "சரி, இந்தக் காலத்தில் தேவனுடைய நோக்கத்துக்கு உண்மையாய் ஊழியம் செய்வது என்றால் என்ன?" இதற்குக் கிடைக்கிற பதில்தான் எனக்குப் போதவில்லை. ஜெபியுங்கள், பொறுத்திருங்கள், சபையை விட்டு விலகாதீர்கள் என்கிறார்கள். நல்லதுதான். ஆனால் திங்கட்கிழமை காலை கடைக்கும் வயலுக்கும் ஆபீஸுக்கும் போகிறவன் என்ன செய்வது? ஊழியம் என்றாலே பிரசங்க பீடமும் மைக்கும்தான் என்று ஆகிவிட்டால், கணக்கெழுதிப் பிழைக்கப்போகும் என்னைப் போன்ற பி.காம். மாணவனுக்கு அதில் இடம் எங்கே?

இறையியல் நான் படித்ததில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் எங்கள் தஞ்சை மண்ணிலேயே, 240 ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்திருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

பட்டுக்கோட்டைக்காரர்களுக்கு மனோராவைத் தெரியாமல் இருக்காது. மல்லிப்பட்டினம் பக்கம், கடற்கரையில், அடுக்கடுக்காக நிற்கும் கோபுரம். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக 1814-15ல் அதைக் கட்டியவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி. தஞ்சாவூர் போகிற வழியில் ஒரத்தநாட்டில் இருக்கும் முத்தாம்பாள் சத்திரமும் அவர் கட்டியதே. அந்தச் சரபோஜி சிறுவனாக இருந்தபோது அவருக்குக் காப்பாளர்போல இருந்து, படிக்க வைத்து, அரியணை உரிமைக்காகவும் வாதாடியவர் ஒரு பாதிரியார். பெயர் கிறிஸ்டியன் பிரெடரிக் ஸ்வார்ட்ஸ். பிரஷ்யாவில் சோன்னன்பர்க் என்ற ஊரில் 1726ல் பிறந்தவர். 1750ல் தரங்கம்பாடிக்கு வந்தார். பிறகு திருச்சியில் இருந்தார். 1778ல் தஞ்சாவூருக்கு வந்து, 1798ல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். ஒருமுறைகூடச் சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்காவை ஒட்டி அவர் பெயரால் இருக்கும் தேவாலயத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். பார்க்காவிட்டால் பெரிய கோயிலுக்குப் போகும்போது ஒருநடை போய் வாருங்கள். உள்ளே பளிங்கில் ஒரு சிற்பம் இருக்கிறது. மரணப் படுக்கையில் கிடக்கும் பாதிரியாரின் கையை மன்னர் சரபோஜி பிடித்துக்கொண்டு நிற்கிறார். லண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மன் செய்தது. செய்வித்தவர் சரபோஜியே. அவர் கடைசிவரை இந்துவாகவே இருந்தவர் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

ஆனால் நான் சொல்லவந்தது அந்தச் சிற்பத்தில் இல்லாத ஆட்களைப் பற்றி. அதற்கு 1780க்குப் போகவேண்டும்.

அந்த ஆண்டு ஹைதர் அலி கர்நாடகத்துக்குள் பெரும் படையோடு இறங்கினார். போர் 1784 வரை நீடித்தது. தஞ்சைச் சீமை சீரழிந்தது. அறுவடை நெருங்கும் நேரம் பார்த்துப் படை வரும். விதைத்தவன் அறுக்க முடியாது. ஜனங்கள் கோட்டைக்குள் ஓடிவந்தார்கள். தினமும் காலையில் தெருவில் பிணங்கள் கிடந்தன என்று ஸ்வார்ட்ஸ் எழுதியிருக்கிறார். கோட்டையைக் காத்த சிப்பாய்களே பசியில் செத்தவர்களைப்போல விழுந்தார்கள்.

இதில் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நாட்டுப்புறத்தில் தானியம் இருந்தது! கோட்டைக்குக் கொண்டுவர மாடுகள்தான் இல்லை. மாடுகள் யாரிடம் இருந்தன? குடியானவர்களிடம். ராஜா துளஜாஜி ஆணை அனுப்பினார், ஆங்கிலேய அதிகாரிகளும் கேட்டார்கள். ஒருவரும் மாட்டை ஓட்டி வரவில்லை. ஏனென்றால் முன்பு வந்தவர்களுக்குக் கூலி கைக்கு வந்து சேரவில்லை. இடையில் இருந்த துபாஷிகள் சாப்பிட்டுவிட்டார்கள். ஒருமுறை ஏமாந்தவன் மறுமுறை வருவானா?

பொருளாதாரப் பாடத்தில் பஞ்சம் என்றால் உணவுத் தட்டுப்பாடு என்று ஒரு வரியில் படித்துவிட்டுப் போகிறோம். தஞ்சைக் கோட்டையில் முதலில் தட்டுப்பட்டது நெல் இல்லை, நம்பிக்கை. நெல் பத்து மைல் தள்ளி இருக்கிறது, மாடு இருக்கிறது, பாதை இருக்கிறது. ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்ற ஓர் ஆள் இல்லை. அதனால் மனிதர்கள் செத்தார்கள்.

அப்போது ராஜா சொன்னாராம்: நீங்களும் நானும் நம்பிக்கையை இழந்துவிட்டோம், ஸ்வார்ட்ஸை ஜனங்கள் நம்புகிறார்களா பார்ப்போம் என்று. சொன்னதோடு நிற்காமல், ஜனங்களோடு என்ன ஒப்பந்தம் வேண்டுமானாலும் செய்துகொள்ளும்படி ஒரு வெற்றுத்தாளை அவருக்கு அனுப்பினார். எங்கள் பாஷையில் சொன்னால் பிளாங்க் செக்!

ஸ்வார்ட்ஸ், கூலிக்கு நான் பொறுப்பு என்று சொல்லி அனுப்பினார். ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்தன. கொஞ்ச காலத்துக்குள் 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. கோட்டை பிழைத்தது. எல்லாம் முடிந்ததும் வந்தவர்களுக்குக் கூலியைக் கொடுத்து, மேற்கொண்டு ஒரு சின்ன அன்பளிப்பும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். கையில் இருந்தது போதாமல், தன்னிடம் இருந்த பிறர் பணத்தையும் எடுத்துக் கொடுத்ததாக அவரே எழுதுகிறார். எங்கள் தணிக்கைப் பாட ஆசிரியர் இதைக் கேட்டால் நிச்சயம் புருவத்தை உயர்த்துவார். ஆனால் அதையும் மறைக்காமல் எழுதிவைத்தாரே, அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கிறது.

இந்தப் பெயர் ஒரே நாளில் வந்ததில்லை. முந்தைய ஆண்டு, 1779ல், சென்னை அரசு அவரை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஹைதரிடம் தூது அனுப்பியது. திரும்பும்போது ஹைதர் வழிச்செலவுக்கு 300 ரூபாய் கொடுத்தார். ஸ்வார்ட்ஸ் அதைக் கொண்டுவந்து அப்படியே அரசிடம் ஒப்படைத்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அப்படியானால் தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கு அது முதல் நிதியாக இருக்கட்டும் என்று அனுமதி கேட்டு அதில் போட்டார். தவிர, போருக்கு முன் விலை மலிவாக இருந்தபோதே 12,000 புஷல் அரிசி வாங்கி வைத்திருந்து, பஞ்சத்தில் பசித்தவர்களுக்குக் கொடுத்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. எகிப்தில் யோசேப்பு செய்ததும் இதே வேலைதானே? நெல்லைச் சேமித்ததுபோலவே நம்பிக்கையையும் அவர் முன்கூட்டியே சேமித்து வைத்திருந்தார். கஷ்டகாலம் வந்தபின் போய் வாங்கலாம் என்றால் இரண்டுமே கிடைக்காது.

நமது தமிழில் ஒரு நல்ல வார்த்தை இருக்கிறது, நாணயம். காசுக்கும் அதுதான் பெயர், நேர்மைக்கும் அதுதான் பெயர். கணக்குப் பதிவியலில் நாங்கள் தினமும் எழுதும் 'கிரெடிட்' என்ற சொல்கூட, நம்புவது என்ற பொருள் கொண்ட லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். ஆக, பற்று வரவு எழுதுகிறவன் எழுதுவது பணத்தை மட்டும் இல்லை, யார் யாரை எவ்வளவு நம்பினார்கள் என்பதையும் சேர்த்துத்தான்.

சரி, இனிமேல்தான் என் மனதைத் தொட்ட பகுதி வருகிறது.

1782ல் கர்னல் பிரெய்த்வெயிட்டின் படை முழுவதும் திப்புவிடம் சிறைப்பட்டது. தஞ்சைக் கோட்டை மறுபடியும் அதே பட்டினி நிலைக்கு வந்தது. மறுபடியும் ஸ்வார்ட்ஸைக் கேட்டார்கள். போன தடவை கூலி கிடைத்ததால் ஜனங்களும் மாடுகளோடு வந்தார்கள். ஆனால் இந்த முறை எதிரி வெகு அருகில் இருந்தான். அவர்களைத் தானியம் இருக்கும் இடங்களுக்கு அழைத்துக்கொண்டு போகவேண்டியவர்கள் உபதேசியார்களும் சபையின் மற்றக் கிறிஸ்தவர்களும். நம் ஊர்த் தமிழர்கள். போனால் உயிரோடு திரும்புவது நிச்சயமில்லை. அவர்கள் அழுதுகொண்டே போனார்கள் என்று எழுதுகிறார் ஸ்வார்ட்ஸ். அழுதார்கள், ஆனாலும் போனார்கள். தானியம் வந்து சேர்ந்தது.

கூலி பட்டுவாடா முடிந்ததும் பாதிரியார் குடியானவர்களைக் கூப்பிட்டு ஒரு விசாரணை வைத்தார். எங்கள் ஆட்கள் யாராவது உங்களிடம் ஏதாவது வாங்கினார்களா என்று கேட்டார். இல்லை, இல்லை என்றார்கள். சரியாகக் கூலி வந்த சந்தோஷத்தில் உங்கள் உபதேசியாருக்கு விலை குறைந்த ஒரு துணியைக் கொடுத்துப் பார்த்தோம், அவர் வேண்டவே வேண்டாம் என்று மறுத்துவிட்டார் என்றார்கள்.

அந்த உபதேசியாரின் பெயரை ஸ்வார்ட்ஸ் அந்த இடத்தில் சொல்லவில்லை. அவருக்குப் பளிங்குச் சிற்பம் கிடையாது. ஆனால் கொடிய காலத்தில் தேவனுடைய நோக்கத்துக்கு உண்மையாய் இருந்த கிறிஸ்தவன் யார் என்று என்னைக் கேட்டால், முதலில் அவரைத்தான் சொல்வேன். ஊரே பட்டினி கிடக்கிறது. உயிரைப் பணயம் வைத்து வேலை செய்திருக்கிறார். நன்றியோடு நீட்டிய துணி அது, லஞ்சம்கூட இல்லை. வாங்கியிருந்தால் யாரும் தப்பாகப் பேசியிருக்க மாட்டார்கள். ஆனால் வாங்கியிருந்தால் அடுத்த முறை ஒரு துணி வழக்கமாகியிருக்கும், அதற்கடுத்த முறை அது கட்டாயமாகியிருக்கும். துபாஷிகளின் கதையும் இப்படித்தான் ஏதோ ஒரு சின்னத் துணியில் தொடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்தச் சம்பவம் நமக்குத் தெரியவந்த விதமும் சுவாரஸ்யமானது. 1793ல் கம்பெனி சாசனத்தைப் பற்றி இங்கிலாந்தில் விவாதம் நடந்தபோது ஒருவர், இந்தியாவில் கிறிஸ்தவர்களானவர்கள் ஒழுக்கம் கெட்டவர்கள் என்று கேவலமாகப் பேசினார். அதற்குப் பதிலாக 1794 பிப்ரவரியில் தஞ்சாவூரிலிருந்து எழுதிய நீண்ட கடிதத்தில்தான் ஸ்வார்ட்ஸ் இதையெல்லாம் சொல்கிறார். பழி வந்தபோது அவர் கோஷம் போடவில்லை. எத்தனை மாடு, எத்தனை கலம், கூலி கொடுத்தாயிற்றா, துணி வாங்கினானா இல்லையா என்று கணக்கைக் காட்டினார். நம்மைப் பற்றி இன்று வாட்ஸ்அப்பில் வரும் அவதூறுகளுக்கு நாம் எப்படிப் பதில் சொல்கிறோம் என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தஞ்சையில் அதிகாரிகளின் கொடுமை தாங்காமல் ஆயிரக்கணக்கான குடியானவர்கள் ஊரைவிட்டே ஓடிப்போனார்கள். ராஜா கூப்பிட்டார், வரவில்லை. ஸ்வார்ட்ஸ் பொறுப்பேற்றுக் கூப்பிட்டார். ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினார்கள். பருவம் தப்பப்போகிறது, சீக்கிரம் வேலையைப் பாருங்கள் என்றார். ராப்பகலாக உழைப்போம் என்று சொல்லி வயலில் இறங்கினார்கள். டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இதன் கனம் புரியும். நாற்று விடுகிற நேரத்தில் ஒருவாரம் தவறினால் என்ன ஆகும் என்று கடைமடைக்காரனிடம் கேளுங்கள்.

இப்போது நீங்கள் கேட்கலாம், ஸ்வார்ட்ஸ் கம்பெனியின் ஆள்தானே என்று. நியாயமான கேள்வி. அவர் காப்பாற்றிய கோட்டையில் கம்பெனிப் படையும் இருந்தது. 1773ல் ஆற்காட்டு நவாபுக்காக இதே தஞ்சையைப் பிடித்து, 1776ல்தான் ராஜாவிடம் திருப்பிக் கொடுத்தது அந்தக் கம்பெனிதான். சீமை நலிந்துபோனதில் அதற்கும் பங்கு உண்டு. அதனுடைய சம்பளத்தையும் அவர் பெற்றார். இன்னொரு குறையும் உண்டு. தஞ்சைச் சபையில் சாதிப்படி தனித்தனியாக உட்காரும் வழக்கம் அவர் காலத்தில் ஒழியவில்லை. 1833ல் பிஷப் டேனியல் வில்சன் அது கூடாது என்று உத்தரவிட்டபோது சபையில் பெரும் பிளவே ஏற்பட்டது. மாட்டுக்காரனுக்குக் கூலியில் நியாயம் செய்தவர், சபையின் இருக்கையில் அந்த நியாயத்தை முடித்துவைக்கவில்லை. அவரைப் பிழையில்லாத புனிதராக்க எனக்கு விருப்பமில்லை. அவர் விட்ட வேலை நமக்கு மீதி இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

வேதத்தை எடுத்துப் பாருங்கள். எருசலேமில் பஞ்சப்பட்டவர்களுக்காகப் பவுல் சபைகளில் பணம் சேர்த்தார். எவ்வளவு பெரிய அப்போஸ்தலன்! ஆனாலும் தனியாக எடுத்துக்கொண்டு போகவில்லை. சபைகள் நியமித்த ஆட்களைக் கூட அழைத்துக்கொண்டார். யாரும் குறை சொல்லக்கூடாது என்பதற்காகத்தான் என்று கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 8ஆம் அதிகாரத்தில் அவரே காரணமும் சொல்கிறார். கடவுள் முன்னால் மட்டும் இல்லை, மனிதர் முன்னாலும் சரியாக இருக்கவேண்டும் என்பது அவர் கணக்கு. தானியேலைக் கவிழ்க்க நினைத்தவர்களும் முதலில் துருவிப் பார்த்தது அவர் நிர்வாகத்தைத்தான். அங்கே ஒன்றும் கிடைக்காததால்தான் அவருடைய ஜெபத்தில் கைவைத்தார்கள். நம் நிர்வாகத்தைத் துருவினால் நம் ஜெபம்வரை வர அவசியம் இருக்குமா?

நம் காலத்துக்கு வருவோம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. நான் அப்போது பள்ளி மாணவன். பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கத்துத் தென்னந்தோப்புகள் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டன. பல நாள் கரண்ட் இல்லை. நிவாரண லாரிகள் வந்தன. பல லாரிகள் பாதி வழியிலேயே மறிக்கப்பட்டன. உள்ளே தள்ளியிருந்த ஊர்களுக்குப் பொருள் போய்ச் சேரவில்லை. அப்போது ஒவ்வொரு தெருவிலும் எழுந்த கேள்வி இதுதான்: பட்டியலை யார் கையில் கொடுப்பது? அரிசி வெளியே லாரியில் நிற்கிறது. எடுத்துப் பங்கிட நம்பகமான கை வேண்டும். 1781ன் அதே கேள்வி!

அந்தக் கை நம்முடையதாக இருக்கவேண்டும் என்பதுதான் என் ஆசை. கிறிஸ்தவர் வீட்டுக்கு முதலில் என்றோ, வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வந்தால் கூடுதல் என்றோ சொல்லாத கையாக இருக்கவேண்டும். அந்தக் குடியானவர்கள் மாட்டை ஓட்டி வந்தார்கள், கூலி வாங்கினார்கள், வீட்டுக்குப் போனார்கள். பாதிரியார் தன் விசுவாசத்தை ஒளிக்கவில்லை, அதைக் கூலிக்கு நிபந்தனையாகவும் வைக்கவில்லை. அரிசிப் பையோடு நிபந்தனையைக் கட்டிக் கொடுத்தால் அரிசியும் கெடும், சுவிசேஷமும் கெடும்.

கிறிஸ்தவர்களுக்குத் துன்பம் வந்தால்தான் அது கொடிய காலம் என்று நினைப்பதையும் நாம் விடவேண்டும். ஒடிசாவில் 1999ல் கணவர் கிரஹாம் ஸ்டெயின்ஸையும் இரண்டு மகன்களையும் வண்டியோடு எரித்தபிறகும், கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அவர்களை மன்னிப்பதாகச் சொல்லி, பாரிபதாவில் தொழுநோயாளிகளுக்கான வேலையைத் தொடர்ந்தார். அவரால் அது முடிந்ததென்றால், நம் துன்பத்தைச் சொல்லிக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரனின் பட்டினியை மறக்க நமக்கு உரிமையில்லை. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களிடமே எரேமியா, அந்த ஊரின் நன்மையைத் தேடச் சொன்னார். நாம் இருப்பது சொந்த ஊர்!

கடைசியாக ஒரு யோசனை. ஒவ்வொரு சபையிலும் என்னைப்போல வணிகவியல் படிக்கும் பிள்ளைகள் நாலைந்து பேராவது இருப்போம். சபையின் வரவு செலவை நாங்கள் எழுதித் தருகிறோம். வருடத்துக்கு ஒருமுறை அதை ஆலய வாசலில், யாரும் படிக்கும்படி ஒட்டுங்கள். புயல் நிவாரணம் என்று ஒன்று தொடங்கினால் அந்தக் குழுவில் தெருவின் இந்துப் பெரியவர் ஒருவரையும் முஸ்லிம் பெரியவர் ஒருவரையும் சேருங்கள். அவர்களும் கணக்கில் கையெழுத்துப் போடட்டும். புயல் வந்தபிறகு தொடங்கலாம் என்று தள்ளிவைக்க வேண்டாம், இப்போதே தொடங்கலாம். நாளைக்கு நான் ஏதாவது ஒரு கடையிலோ ஆடிட்டர் ஆபீஸிலோ உட்கார்ந்து, 'இன்னொரு நோட்டு' எழுதச் சொல்லும்போது முடியாது என்று சொல்வதற்கும் இது எனக்குப் பழக்கமாக இருக்கும்.

மேடையில் ஏறிப் பேசுவதும் ஊழியம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு துணியை வேண்டாம் என்று சொன்னதும் ஊழியம்தான். இந்த இரண்டாவது ஊழியத்துக்கு இன்றைக்கு ஆள் அதிகம் தேவைப்படுகிறது என்பது என் கருத்து. உங்கள் சபையிலோ கோயிலிலோ ஜமாஅத்திலோ வரவு செலவை இப்படி வாசலில் ஒட்டும் வழக்கம் இருந்தால் எழுதுங்கள். எப்படிச் செய்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறேன்.